சிக்கன் ஸ்டிர் ஃப்ரை: வீட்டு அடுப்பில் தண்ணீர் விடாமல் இறக்கும் வழி

வறுவலும் பிரட்டலும் நன்றாகச் செய்யத் தெரிந்த கைதான் இதில் முதலில் தடுமாறும். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கு, கோழி முழுவதையும் கொட்டு, உப்பைத் தூவு, மூடி வை, ஊறிய தண்ணீரைச் சுண்டவிடு என்பது பிரட்டலின் வரிசை. அதே வரிசையில் போய்க் கடைசியில் கிச்சாப்பை, அதாவது சோயா சோஸை, ஊற்றினால் கிடைப்பது பழுப்பு நிறக் குழம்புதான். சீனர் கடையில் தட்டில் வருகிற, சோஸ் ஒட்டிப் பளபளக்கும், காய் நறுக்கென்று கடிபடும் கோழிக்கு வரிசையே வேறு.

அந்த வரிசைக்கெல்லாம் காரணம் ஒன்றுதான்: சட்டியில் தண்ணீர் தேங்கக் கூடாது. தண்ணீர் தேங்கியிருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. இறைச்சி சிவந்து வாசம் வர 140 டிகிரியாவது வேண்டும். சாதாரண வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் ஏறக்குறைய 3 கிலோவாட். அதில் பாதிச் சூடு சட்டிக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரை ஆவியாக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கோழி அடுப்பில் இருக்கப்போவதே சில நிமிடங்கள்தான். அதனால் கழுவுவது, துடைப்பது, வெட்டுவது, பாதிப் பாதியாகப் போடுவது எல்லாமே தண்ணீரைக் குறைக்கும் வேலைகள்.

கீழே உள்ள அளவு சோற்றோடு மூன்று நான்கு பேருக்கு. தயாரிப்பு 35 நிமிடம். அடுப்பில் வேலை ஏறக்குறைய பத்து நிமிடம்.

1. உங்கள் அடுப்பு எது என்று முதலில் பாருங்கள்

கேஸ் அடுப்பு இருந்தால் அடிவட்டமான குவாலி, அதாவது சீன வாணலி, போதும். ஆடாமல் இருக்க வளையம் வைத்துக்கொள்ளுங்கள். 30 முதல் 32 சென்டிமீட்டர் அகலம் சரியான அளவு. கடையில் பார்த்த பெரிய குவாலியை வாங்கினால் வீட்டுத் தீ அதன் அடியை மட்டும் சுடும், பக்கங்கள் ஆறியே இருக்கும்.

கோலாலம்பூரில் புதிய கொண்டோ அடுக்ககங்கள் பலவற்றில் மின்சார அடுப்புதான். இண்டக்‌ஷனுக்கு அடி தட்டையான இரும்புச் சட்டி வேண்டும், காந்தம் ஒட்ட வேண்டும். இதில் சட்டியைத் தூக்கிக் குலுக்கக் கூடாது. தூக்கிய நொடியே சூடு நின்றுவிடும். சட்டி அடுப்பிலேயே இருக்கட்டும், கரண்டி மட்டும் ஓடட்டும்.

ஒட்டாத பூச்சுள்ள சட்டியிலும் செய்யலாம், ஆனால் அதை வெறுமையாகப் பெரிய தீயில் காயவிடக் கூடாது. 260 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பூச்சு சிதைந்து புகை விடும். எண்ணெய் ஊற்றிய பிறகு நடுத்தரத் தீயில் சூடாக்குங்கள். நிறம் கொஞ்சம் குறையும், சுவை வந்துவிடும்.

கடைக்காரர்கள் வைத்திருக்கும் சீறும் அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அதற்குரிய உயர் அழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்புக்கு மாட்டுவது ஆபத்து. அந்த அடுப்பு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கடையின் புகை வாசம் வீட்டில் முழுதாக வராது என்பதை ஏற்றுக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. அந்த வாசத்தைத் துரத்தி எண்ணெயைக் கருக விடுபவர்களுக்குக் கசப்புதான் மிஞ்சும்.

2. வாங்க வேண்டியவை

கோழி: எலும்பும் தோலும் நீக்கிய தொடை இறைச்சி 400 கிராம். சௌக்கிட், புடு போன்ற கோலாலம்பூர் பசார்களில் (சந்தைகளில்) கோழிக்காரரிடம் மலாயில் ‘ஈசி பஹா, புவாங் துலாங்’ என்றால் எலும்பை எடுத்துக் கொடுத்துவிடுவார். எலும்போடு வாங்கினால் 600 முதல் 650 கிராம் வாங்குங்கள். ஏறக்குறைய 400 கிராம் தேறும். தொடையையே சொல்வதற்குக் காரணம், அதில் கொழுப்பு இருப்பதால் அரை நிமிடம் கூடுதலாக வெந்தாலும் மென்மை கெடாது. நெஞ்சுக்கறிக்கு அந்தத் தாராளம் கிடையாது.

காய்: பெரிய வெங்காயம் 1, குடைமிளகாய் 1, இளஞ்சோளம் 6, வெங்காயத்தாள் 3 தண்டு. காய்களின் மொத்த எடை கோழியின் எடையைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் சட்டி ஆறும்.

வாசனைக்கு: இஞ்சி 15 கிராம், பூண்டு 4 பல், காய்ந்த மிளகாய் 8. பெந்தோங் இஞ்சி கிடைத்தால் 10 கிராம் போதும், அதன் காரம் தனி.

ஊற வைக்க: கிச்சாப் 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 2 மேசைக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, கார்ன்ஃப்ளவர் 1 மேசைக்கரண்டி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி.

சோஸுக்கு: சிப்பி சோஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, கிச்சாப் 2 தேக்கரண்டி, கெட்டி கிச்சாப் 1 தேக்கரண்டி, சீனி 1 தேக்கரண்டி, தண்ணீர் 4 மேசைக்கரண்டி. தனியே கார்ன்ஃப்ளவர் 2 தேக்கரண்டி, அதைக் கரைக்கத் தண்ணீர் 2 மேசைக்கரண்டி. கடைசியில் சீன எள்ளெண்ணெய் 1 தேக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி.

மேசைக்கரண்டி என்பது 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி. சூப் குடிக்கும் பீங்கான் கரண்டியால் அளந்தால் உப்பு எங்கோ போய்விடும்.

வாங்கும்போது தவறுகிற இடங்கள் நான்கு.

கிச்சாப் ஒரே சரக்கு அல்ல. மேலே வெறுமனே கிச்சாப் என்றிருப்பது தண்ணீர் போல ஓடும் உப்புக் கிச்சாப்; பாட்டிலில் ‘மாசின்’ அல்லது ‘சாயிர்’ என்று இருக்கும். கெட்டி கிச்சாப் என்பது கறுப்பாக, பாகு போல வருகிற ‘பெக்காட்’. முன்னது உப்புக்கும் சுவைக்கும், பின்னது நிறத்துக்கும் லேசான இனிப்புக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் கறி கரிநிறமாகித் தித்திக்கும்.

எள்ளெண்ணெய் என்று பட்டியலில் பார்த்து நல்லெண்ணெயை ஊற்றுவது அடுத்தது. லிட்டில் இந்தியா கடைகளில் கிடைக்கும் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது, நிறமும் வாசமும் இளசு. சீன எள்ளெண்ணெய் நன்றாக வறுத்த எள்ளில் எடுத்தது, கரும்பழுப்பு. ஒரு தேக்கரண்டியே சட்டி முழுக்க மணக்கும். ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகாது. மிஞ்யாக் பீஜான் என்று கேட்டு வாங்குங்கள். சீனச் சரக்குகள் இருக்கும் வரிசையில் இருக்கும்.

மூன்றாவது, கார்ன்ஃப்ளவர். சோள மாவு என்று கேட்ட இடத்தில் மஞ்சள் மக்காச்சோள மாவோ வெள்ளைச் சோள மாவோ கொடுத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது தெப்போங் ஜாகோங். தூய வெள்ளை, விரலிடையில் தேய்த்தால் கிறீச்சென்று இருக்கும்.

நான்காவது சிப்பி சோஸ், கடைப் பெயர் சோஸ் திராம். ஹலால் பார்ப்பவர்கள் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் முத்திரையைப் பார்த்து வாங்கலாம், எளிதில் கிடைக்கிறது. சிப்பி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காளானில் செய்த சைவ வகை அதே அளவில் பொருந்தும். சீனச் சமையல் குறிப்புகளில் வரும் அரிசி மது இங்கே இல்லை. அதன் வேலை வாசம் தருவது. இஞ்சியும் கடைசி வினிகரும் அதைப் பார்த்துக்கொள்ளும்.

சமைக்கும் எண்ணெய் சாதாரணப் பாமாயிலே நல்லது. பெரிய தீயைத் தாங்கும், தன் வாசத்தைத் திணிக்காது. மொத்தம் மூன்றரை மேசைக்கரண்டி எடுத்து வையுங்கள்.

3. கோழியைக் காயவைத்து வெட்டுங்கள்

மஞ்சளும் உப்பும் போட்டு அலசாமல் கோழியைத் தொட மாட்டோம் என்பவர்கள் நம்மில் அதிகம். குழாயடியில் பச்சைக்கோழியை அலசினால் கிருமி தண்ணீரோடு தெறித்துத் தொட்டி, மேடை, பக்கத்திலிருக்கும் தட்டு வரை போகும். கிருமியைக் கொல்வது தீதான். அப்படியும் கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால், வெட்டுவதற்கு முன் முழுத்துண்டாக ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் மெல்ல அலசி எடுங்கள். மஞ்சள் மட்டும் வேண்டாம். அதன் வாசம் கிச்சாப்போடு சேராது. வெட்டிய பிறகு கழுவினால் துண்டுகள் தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும்.

கழுவினாலும் கழுவாவிட்டாலும் கிச்சன் டிஷ்யூவால் இருபக்கமும் அழுத்தித் துடைக்க வேண்டும். தாள் நனையாமல் வரும்வரை.

உறைந்த கோழி என்றால் முந்தின இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். அவசரத்துக்கு, காற்றுப்போகாத பையில் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் ஒரு மணி நேரத்தில் தயாராகும். நம் ஊர் வெயிலில் மேசைமேல் வைத்து இளகவிடுவது கூடாது. வெளிப்புறம் கெடத் தொடங்கும்போது நடுவில் பனிக்கட்டி இருக்கும்.

வெட்டும் அளவு: அரை சென்டிமீட்டர் தடிமன், நான்கு சென்டிமீட்டர் நீளம். எல்லாத் துண்டும் ஒரே தடிமன் என்பதுதான் முக்கியம், நீளம் முன்னேபின்னே இருக்கலாம். பிரட்டலுக்கு வெட்டுவது போலக் கனமாக வெட்டினால் வெளியே கருகி உள்ளே சிவப்பாக நிற்கும். அப்போதுதான் மூடி தேடும் கை, மூடியால் தண்ணீர், தண்ணீரால் குழம்பு.

இறைச்சியில் நார் ஓடும் திசை தெரியும். அதற்குக் குறுக்கே கத்தியை இறக்குங்கள். நார் குட்டையானால் பல்லுக்கு வேலை குறைவு. கோழி வழுக்கினால் பிரீசரில் 20 முதல் 30 நிமிடம் வைத்தெடுங்கள், சீராக வெட்ட வரும்.

நெஞ்சுக்கறிதான் இருக்கிறது என்றால் ஒரு படி கூடும். வெட்டிய 400 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி ஆப்பசோடா தூவிப் பிசிறி 15 நிமிடம் வைத்து, நன்றாக அலசி, துடைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். வெட்டியதைக் கழுவக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு, அதனால் துடைப்பதும் இருமடங்கு. சோடா இறைச்சியின் காரத்தன்மையை உயர்த்துகிறது; புரதம் இறுகிச் சாற்றைப் பிழிவது குறைகிறது. அரைமணியைத் தாண்டினாலோ அலசாமல் விட்டாலோ சவுக்காரச் சுவை வரும். பேக்கிங் பவுடர் இதற்கு ஆகாது.

4. ஊறவைப்பதிலும் வரிசை உண்டு

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பிசையாதீர்கள். முதலில் கிச்சாப், தண்ணீர், சீனி, மிளகுத்தூள். கையால் ஒரே திசையில் ஒன்றரை நிமிடம் கிளறினால் கோழி அந்த நீரைக் குடித்துவிடும், பாத்திரத்தின் அடி வறண்டு தெரியும். தண்ணீரை எதிரி என்று சொல்லிவிட்டு இங்கே இரண்டு மேசைக்கரண்டி சேர்ப்பதேன் என்று தோன்றலாம். இது இறைச்சிக்குள் போகிற தண்ணீர். அடுத்து வரும் மாவு அதை உள்ளே பூட்டி வைக்கும்.

இரண்டாவதாக கார்ன்ஃப்ளவர். துண்டுகள்மேல் மெல்லிய பசை போல ஒட்ட வேண்டும். சூடான சட்டியில் இது உடனே இறுகி உறையாகும். சாறு வெளியே ஓடாது, பிறகு சோஸ் இந்த உறையில்தான் பிடிக்கும்.

மூன்றாவதாக எண்ணெய். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பிரிந்து விழ இது வேண்டும். எண்ணெயை முதலில் ஊற்றினால் கிச்சாப் உள்ளே இறங்காது.

20 நிமிடம் ஊறினால் போதும். உப்பு தனியாகச் சேர்க்கவே வேண்டாம். உப்புக் கிச்சாப் ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. இன்னும் சோஸ் வரவிருக்கிறது.

5. காய்கறி

கழுவுவது முதல் வேலையாக இருக்கட்டும், கோழியை எடுப்பதற்கும் முன்னால். அரைமணி வடிதட்டில் கிடந்தால் ஈரம் தானே போகும். அடுப்பு எரியும்போது கழுவிப் போடுகிற குடைமிளகாயோடு இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரும் சட்டிக்குள் போகிறது.

வெங்காயத்தை எட்டாகப் பிளந்து இதழ்களைப் பிரியுங்கள். குழம்புக்கு நறுக்குவதுபோல் பொடியாக நறுக்கினால் கரைந்து நீர் விடும். குடைமிளகாய் மூன்று சென்டிமீட்டர் சதுரம், இளஞ்சோளம் நீளவாக்கில் இரண்டு. வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியும் பச்சைப் பகுதியும் தனித்தனியே, இரண்டு விரற்கடை நீளம். வெள்ளை முன்னால் போகும், பச்சை கடைசியில்.

இஞ்சி மெல்லிய குச்சிகளாக. பூண்டைத் தட்டிப் பெரிதாகக் கொத்துங்கள். இஞ்சி பூண்டு விழுது இதற்கு உதவாது: ஈரமானது, ஒட்டும், முன்னால் கருகும்.

காய்ந்த மிளகாயைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி விதையை உதறிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, துடைத்து வைத்தால் எண்ணெயில் விழுந்ததும் கறுத்துப் போகாமல் சிவந்து நிற்கும்.

காய்லான் என்ற சீனக் கீரை அல்லது புரோக்கோலி போடுவதானால் கொதிநீரில் 40 நொடி போட்டு எடுத்து நன்றாக வடியவிட்டுச் சேருங்கள். இவை பச்சையாகச் சட்டியில் வேக நேரம் எடுக்கும், அதற்குள் மற்றவை துவண்டுவிடும். உறைந்த கலவைக் காயை மறந்துவிடுங்கள். பனியோடு வரும்.

6. சோஸ் இரண்டு கிண்ணத்தில்

ஒரு கிண்ணத்தில் சிப்பி சோஸ், இரண்டு கிச்சாப், சீனி, தண்ணீர். சீனி கரையும்வரை கலக்குங்கள். அடுப்பில் நின்றுகொண்டு பாட்டில் பாட்டிலாகத் திறந்து ஊற்றுவதற்கு நேரம் இருக்காது. அதற்குள் பூண்டு கருகும்.

இன்னொன்றில் கார்ன்ஃப்ளவரைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து வையுங்கள். சுடுநீர் பட்டால் கட்டி தட்டும். சோஸோடு சேர்க்காமல் தனியே வைப்பதற்குக் காரணம், காய் எவ்வளவு நீர் விட்டது என்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு கரைசல் வேண்டும் என்று தெரியும். கலந்துவிட்டால் குறைக்க வழியில்லை.

7. அடுப்பு மூட்டுவதற்கு முன்

சோறு வெந்து மூடிக்குள் இருக்க வேண்டும். தட்டு மேசையில் இருக்க வேண்டும். சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்குள்ளாவது இருக்க வேண்டும்.

அடுப்பின் வலப்பக்கம் போடும் வரிசையிலேயே வையுங்கள்: கோழி, மிளகாய், இஞ்சி பூண்டோடு வெங்காயத்தாள் வெள்ளை, வெங்காயமும் இளஞ்சோளமும், குடைமிளகாய், சோஸ், மாவுக் கரைசல், பச்சைத்தாள், எள்ளெண்ணெய், வினிகர். வெந்த கோழியை எடுத்து வைக்க ஒரு சுத்தமான தட்டு. பச்சைக்கோழி இருந்த பாத்திரத்திலேயே திரும்ப எடுத்து வைப்பதை அடிக்கடி பார்க்கிறோம். வயிற்றுக்கோளாறுக்கு அது நேர்வழி.

ஜன்னலைத் திறந்து, உறிஞ்சு விசிறியைப் போடுங்கள். மிளகாய் எண்ணெயில் விழுந்ததும் நெடி கிளம்பும். கொண்டோவில் சமையலறைக்கு எதிரே புகை உணரி இருந்தால் இந்த எச்சரிக்கையைப் பக்கத்து வீட்டாருக்காகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. சட்டி காயட்டும்

வெறும் இரும்புக் குவாலியைப் பெரிய தீயில் இரண்டு நிமிடம் விடுங்கள். மின்சார அடுப்பில் நடுத்தரத்தில் மூன்று நிமிடம், பிறகு உச்சத்துக்கு. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சீறி மறைந்தால் இன்னும் காயவில்லை. முத்தாகத் திரண்டு ஓடினால் சரியான சூடு.

இப்போது ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய். சட்டியைச் சாய்த்துப் பக்கங்களிலும் படரவிடுங்கள். எண்ணெயில் நெளிநெளியாக அலை தெரிந்து முதல் இழைப் புகை எழும்போது கோழி போக வேண்டும்.

ஆறிய சட்டியில் எண்ணெய் ஊற்றி இரண்டையும் ஒன்றாகச் சூடாக்கினால் மாவு பூசிய கோழி அடியில் பிடித்துக்கொள்ளும். சுரண்டி எடுத்தால் உறை சட்டியில், கோழி அம்மணமாகக் கையில்.

9. கோழி, இரண்டு தடவையாக

பாதிக் கோழியை, அதாவது 200 கிராமை மட்டும் போட்டு ஒரே அடுக்காகப் பரப்புங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு 45 நொடி நில்லுங்கள். எல்லாவற்றிலும் கடினமான படி இதுதான். கரண்டி கையில் இருந்தால் கிளறத்தான் தோன்றும். கிளறினால் எந்தப் பக்கமும் சிவக்காது, மாவு உரியும்.

அடிப்பக்கம் பொன்னிறமானதும் தானே சட்டியை விட்டுக் கழன்று வரும். வராவிட்டால் இன்னும் பத்து நொடி. புரட்டிப் போட்டு ஒரு நிமிடம் கிளறி எடுத்துவிடுங்கள். நடுவில் இன்னும் லேசான ரோஜா நிறம் இருக்கலாம், மீண்டும் சட்டிக்கு வரப்போகிறது. இப்போதே முழுதாக வேகவைத்தால் இரண்டாம் முறை ரப்பராகும்.

சட்டி மீண்டும் சூடேற அரை நிமிடம் கொடுத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோடு மறுபாதி.

ஏன் இரண்டு தடவை? கோழியில் முக்கால் பங்கு தண்ணீர். பிரிட்ஜிலிருந்து வந்த 400 கிராமும் ஒரேயடியாக விழுந்தால் சட்டியின் சூடு சட்டென்று இறங்கும், சாறு வெளியே வரும், வந்த சாறு ஆவியாக நேரம் எடுக்கும். காது வைத்துக் கேளுங்கள்: சடசடவென்ற சத்தம் இருக்கும்வரை வறுபடுகிறது. அது கொதிக்கும் களகளப்பாக மாறினால் வேகிறது என்று அர்த்தம். அப்படி ஆகிவிட்டால் கோழியை எடுத்துவிட்டு, நீரை ஊற்றிவிட்டு, சட்டியைக் காயவைத்து மீண்டும் தொடங்குங்கள். சுண்டவிட்டுச் சரிசெய்ய நினைத்தால் கோழிதான் சுண்டும்.

10. வாசனையும் காயும்

சட்டியில் கருகிய துணுக்குகள் இருந்தால் டிஷ்யூவை இடுக்கியால் பிடித்துத் துடைத்துவிடுங்கள். அவை சோஸைக் கசக்க வைக்கும்.

தீயை நடுத்தரத்துக்குக் குறைத்து ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். காய்ந்த மிளகாய் 15 நொடி. அடுத்து இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் வெள்ளை, 20 நொடி. பூண்டின் ஓரம் வெளுத்து வாசம் வந்தால் போதும், சிவக்கக் கூடாது. எல்லா இடத்திலும் பெரிய தீ என்று நினைத்து இங்கேயும் கொழுந்துவிட வைப்பவர்கள் பூண்டைக் கரித்துவிடுகிறார்கள்.

மீண்டும் பெரிய தீ. வெங்காயமும் இளஞ்சோளமும் ஒரு நிமிடம், குடைமிளகாய் 40 நொடி. வெங்காயம் கண்ணாடியாகும்வரை வதக்க நினைக்காதீர்கள். ஓரம் மட்டும் கருகி நடுவில் மொறுமொறுப்பு இருக்க வேண்டும். உப்பு இப்போதும் வேண்டாம். உப்புப் பட்ட காய் நீர் விடும்.

11. சோஸும் முடிவும்

கோழியைத் தட்டில் ஊறிய சாறோடு சட்டிக்குத் திருப்புங்கள். இரண்டு புரட்டு. சோஸை நடுவில் கொட்டாமல் சட்டியின் சூடான விளிம்பைச் சுற்றி ஊற்றுங்கள். வழிந்து இறங்கும்போதே கொதிக்கும், கிச்சாப் சுட்ட வாசம் வரும், நடுச்சூடும் இறங்காது.

சோஸ் நன்றாகக் கொப்பளித்த பிறகுதான் மாவுக் கரைசல். அடியில் படிந்திருக்கும், கலக்கிவிட்டு முதலில் பாதியை ஊற்றுங்கள். 20 நொடி கிளறினால் பால்நிறம் மறைந்து கண்ணாடியாகும். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். கொதி வராத சோஸில் ஊற்றினால் மாவு முழுதாக வேகாது. பச்சை வாசமும் இருக்கும், பத்து நிமிடத்தில் நீர்த்தும் போகும்.

கரண்டியின் முதுகில் தொட்டு விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும். அந்த நிலையில் ஒரு பெரிய துண்டைப் பிளந்து பாருங்கள்: உள்ளே ரோஜா நிறம் இல்லாமல் சாறு தெளிவாக இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 74 டிகிரி.

அடுப்பை அணையுங்கள். பச்சைத்தாள், வினிகர், எள்ளெண்ணெய், ஒரு புரட்டு, உடனே தட்டுக்கு. எள்ளெண்ணெயைத் தீயில் விட்டால் அதன் வாசம் விசிறிக்குப் போகும், தட்டுக்கு வராது. முந்திரி விரும்புபவர்கள் தனியே வறுத்து இந்த இடத்தில் சேர்க்கலாம்.

சூடான இரும்புச் சட்டியிலேயே விட்டுவைக்க வேண்டாம். அடுப்பு அணைந்தாலும் குவாலி சமைத்துக்கொண்டேதான் இருக்கும்.

12. கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது

தட்டில் நீர் தேங்குகிறது: பெரும்பாலும் ஈரக்காய் அல்லது ஒரே தடவையில் கொட்டிய கோழி. கோழி எடுத்த பிறகு காயும் அதிகமாக இருந்ததா என்று பாருங்கள். மாவுக் கரைசலைக் கூட்டி மறைக்கப் பார்த்தால் பசைதான் கிடைக்கும்.

கோழி இறுகிவிட்டது: முதல் சுற்றிலேயே முழுதாக வெந்தது, அல்லது நாரோடு சேர்த்து வெட்டியது. நெஞ்சுக்கறி என்றால் சோடாப் படியைச் செய்யாமல் விட்டிருப்பீர்கள்.

உப்பு தூக்கல்: சிப்பி சோஸ் ஒவ்வொரு தயாரிப்பிலும் உப்பில் வேறுபடும். புதுப் பாட்டில் வாங்கினால் சோஸ் கிண்ணத்தை நாக்கில் தொட்டுப் பாருங்கள். சூப்பைவிட இருமடங்கு உப்பாக இருப்பது சரி, அதற்கு மேல் என்றால் கிச்சாப்பில் ஒரு தேக்கரண்டியைக் குறையுங்கள். சட்டியில் ஏறிவிட்ட உப்புக்குச் சீனியும் வினிகரும் கொஞ்சம் கைகொடுக்கும், தண்ணீர் கொடுக்காது.

நிறம் வரவில்லை, சுவை இருக்கிறது: கெட்டி கிச்சாப் குறைவு. அதற்காக உப்புக் கிச்சாப்பைக் கூட்டாதீர்கள்.

கசப்பு: பூண்டு, மிளகாய், துடைக்காத சட்டி. இந்த மூன்றில் ஒன்று.

13. ஆள் கூடினால், மிச்சம் வந்தால்

எட்டுப் பேர் வருகிறார்கள் என்றால் அளவை இரட்டிப்பாக்கி ஒரே குவாலியில் போடக் கூடாது. தயாரிப்பை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். அடுப்பில் 8 முதல் 11 வரையுள்ள படிகளை முழுதாக இருமுறை செய்யுங்கள். இரண்டாவது சட்டி முதலாவதைவிடச் சீக்கிரம் வரும், குவாலி ஏற்கெனவே காய்ந்திருக்கும். கோழியை மட்டும் முன்கூட்டியே வறுத்து வைக்கலாமே என்று தோன்றும். அறைச்சூட்டில் பாதி வெந்த கோழி காத்திருக்கக் கூடாது.

ஊறவைத்த கோழி மூடிய டப்பாவில் பிரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். காலையில் ஊறவைத்துவிட்டு வேலைக்குப் போய் மாலை வந்து செய்பவர்கள், அடுப்பில் போடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன் வெளியே எடுத்து மீண்டும் ஒருமுறை பிசிறிவிடுங்கள், மாவு அடியில் இறங்கியிருக்கும்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சூடாக்க மைக்ரோவேவைவிடச் சட்டி மேல்: ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு, நடுத்தரத் தீயில் ஆவி பறக்கும்வரை. மூடி இந்தச் சமையலில் தேவைப்படுவது அந்த ஒரு தடவைதான்.